24-ஆம் தேதி, மதியம் 2 மணி

அண்ணன் டிக்கெட் போட்டுவிட்டுத்தான் போன் செய்தான். "எட்டி, கிறிஸ்மஸுக்கு அங்க வாரோம். டிசம்பர் 24 மத்தியானம் மியூனிக்ல எறங்குதோம். உன் ஊரு சந்தையப் பாத்துட்டு, மத்த ஊரையும் ஒரு சுத்து சுத்திருவோம்." பின்னாலேயே வாட்ஸப்பில் ஒரு வீடியோ வந்து விழுந்தது. கிறிஸ்மஸுக்குப் போயே ஆகவேண்டிய பத்து ஐரோப்பிய நகரங்கள். ஸ்ட்ராஸ்பூர்க், வியன்னா, பிராக், டாலின் என்று போய், நடுவில் எங்கேயோ எங்கள் நியூரம்பர்க்கும் இருந்தது.

"அண்ணே, சந்தை 24 மத்தியானம் ரெண்டு மணிக்கு முடிஞ்சிரும்."

"எந்தச் சந்தை?"

"கிறிஸ்மஸ் சந்தைதான்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "கிறிஸ்மஸ் சந்தைய கிறிஸ்மஸுக்கு மூடுவானா? ரேனியஸ் ஐயர் ஊர்க்காரன் அப்படிச் செய்வானா? கோட்டிக்காரி மாதிரிப் பேசாத."

பாளையங்கோட்டைக்காரர்களுக்கு ஜெர்மனி என்றால் அங்கிருந்து வந்த பாதிரியார் ரேனியஸ் ஐயர்தான். எங்கள் முருகன்குறிச்சியில் ஊசிக்கோபுரத்துக் கோயிலை 1826-இல் எழுப்பியவர். அவர் பிறந்த மேற்குப் பிரஷ்யா இன்றைக்குப் போலந்தில் இருக்கிறது என்றெல்லாம் அண்ணனிடம் சொல்ல முடியாது. டிக்கெட் போட்டாயிற்று. "தீபாவளி அன்னைக்கு ரெங்கநாதன் தெருவுல கூட்டம் இருக்குமாண்ணே? மொத நாள் ராத்திரியோட சரிதான?" என்று கேட்டேன். அந்த நியாயம் அவனுக்குப் புரிந்தது. ஆனாலும் தேதியை மாற்றவில்லை.

இங்கே கிறிஸ்மஸ் என்பது 25-க்கு முந்தின நாலு வாரம். வீட்டு மேஜையில் ஊசியிலை வளையத்தில் நாலு மெழுகுவர்த்தி வைத்து, ஞாயிற்றுக்கு ஒன்றாக ஏற்றிக்கொண்டே வருவார்கள். முதல் ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரைக்கு நியூரம்பர்க் பெரிய சந்தைத் திடலில் விளக்கையெல்லாம் அணைத்து, ஃப்ராவன்கிர்ஹே கோயிலின் மாடத்தில் மட்டும் வெளிச்சம் போடுவார்கள். பொன்னிறச் சுருள்முடி, தலையில் கிரீடம், இறக்கை போலக் கை விரிந்த உடுப்பு என்று ஒரு பெண் வந்து நின்று, குழந்தைகளையும், ஒருகாலத்தில் குழந்தைகளாக இருந்தவர்களையும் சந்தைக்கு அழைப்பாள். அவள்தான் கிறிஸ்ட்கிண்ட். இந்தப் பக்கம் பிள்ளைகளுக்குப் பரிசு கொண்டுவருவது தாடித் தாத்தா இல்லை, இவள்தான். லூத்தர் காலத்தில், புனித நிக்கொலஸுக்குப் பதிலாகக் குழந்தை இயேசுவே பரிசு தரட்டும் என்று ஆரம்பித்த வழக்கம், எப்படியோ ஒரு பொன்முடிப் பெண்ணில் வந்து முடிந்திருக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆளைத் தேர்ந்தெடுப்பார்கள். வயது 16 முதல் 19, உயரம் குறைந்தது 160 சென்டிமீட்டர், உயரத்தைக் கண்டு தலை சுற்றக் கூடாது. நாங்கள் வந்து சேர்ந்த 2019-இல் அந்த மாடத்தில் நின்றவர் பெனிக்னா முன்சி. அப்பா இந்தியர். அவர் பெயரை அறிவித்ததும் ஒரு வலதுசாரிக் கட்சியின் மியூனிக் பக்கத்துக் கிளை, செவ்விந்தியர்களுக்கு நேர்ந்தது நமக்கும் நேரும் என்கிற மாதிரி எழுதிவைக்க, நாடு முழுக்க அதற்குச் சூடாகப் பதில் சொன்னார்கள். எனக்கு அப்போது ஜெர்மன் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் கூட்டத்தில் யாரோ தோளில் தூக்கிவைத்திருந்த ஒரு குழந்தை அவரைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டே இருந்தது தெரிந்தது. அன்று தொட்டு என் மகள் கதவு நிலையில் பென்சில் கோடு போட்டு உயரம் அளந்து வருகிறாள். அடுத்த இரண்டு வருஷமும் கொரோனாவால் சந்தையே இல்லை.

இத்தனை வருஷத்தில் நானும் தேறிவிட்டேன். மதியம் நாலே காலுக்கு இருட்டுவது பழகிவிட்டது. ஒரு பன்னுக்குள் விரல் நீளத்துக்கு மூன்று கொத்துக்கறிச் சாசேஜ் வைத்துத் தருவதைக் கடுகுச் சாந்தோடு நின்றபடியே தின்னப் பழகிவிட்டேன். எலிசன் லேப்கூஹன் என்கிற மசாலா கேக் வாங்கினால் அட்டையைத் திருப்பி, கொட்டைப் பருப்பு கால்வாசியாவது இருக்கிறதா, மாவு பத்து சதவீதத்தைத் தாண்டாமல் இருக்கிறதா என்று பார்க்கும் அளவுக்கு விவரம் வந்துவிட்டது. வாயில் போட்டால் பட்டை, கிராம்பு, ஏலம். வெனிஸ் வழியாக இந்த ஊர் வியாபாரிகள் வாங்கிக் குவித்த சரக்கு, நம் மேற்குக் கரையில் ஏறியது. கடித்த மறு நிமிஷம் ஆச்சி பலகாரம் சுட்ட பின்கட்டுக்குப் போய்விடுகிறேன். தேறியதாவது ஒன்றாவது.

ஒரு டிசம்பரில் டிரெஸ்டன் போயிருந்தோம். 1434 முதல் நடக்கும் சந்தை. பார்த்துவிட்டு அங்கிருந்து புல்ஸ்னிட்ஸ் என்ற சின்ன ஊருக்கும் போனோம். 1558-இலிருந்து மசாலா கேக்குக்குப் பேர்போன ஊர். பஞ்சு மாதிரி கேக், உள்ளே பழ ஜாம், மேலே சாக்லேட். 1682-இல் சீகன்பால்கு பிறந்ததும் அங்கேதான். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கி, அங்கே அச்சுக்கூடம் வைத்துத் தமிழில் புதிய ஏற்பாடு போட்டவர். கடைக்கார அம்மாவிடம் நாங்கள் அவர் போன ஊர்ப்பக்கத்து ஆட்கள் என்றேன். அப்படியா என்று சொல்லி ஒரு கேக்கை ஓசியில் கொடுத்தார்.

எனக்கு ஆறாத குறை ஒன்றே ஒன்றுதான். பண்டிகை அன்றைக்கு வாசலுக்கு ஒரு ஆள் வருவதில்லை.

24 மதியம் சூப்பர் மார்க்கெட்டும் மூடிவிடும். 25, 26 விடுமுறை. சில வருஷம் ஞாயிறும் ஒட்டிக்கொள்ளும். அதனால் 23-ஆம் தேதி கடையில் எல்லோரும் பாலையும் உருளைக்கிழங்கையும் முற்றுகைக்குப் பயந்தவர்கள் மாதிரி வண்டியில் அள்ளுவார்கள். 24 மாலை ஆலய மணி அடிக்கும். போய்விட்டு வந்து கதவைச் சாத்தினால் அவ்வளவுதான். ஜன்னல் ஜன்னலாக வெளிச்சம் தெரியும். உள்ளே மரம், பரிசு, உருளைக்கிழங்கு சாலட், சாசேஜ். தெருவில் நாய்கூட இருக்காது. குடும்பத்துக்கான இரவு, அடுத்த வீட்டு மணியை அடிக்கக் கூடாது என்பது எழுதாத சட்டம்.

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் டிசம்பர் முதல் வாரத்திலேயே கேரல் ரவுண்ட்ஸ் தொடங்கிவிடும். ராத்திரி பன்னிரண்டுக்கு டிரம் சத்தம், வேனில் மைக், முகமூடி மாட்டிய கிறிஸ்மஸ் தாத்தாவைப் பார்த்து அலறும் சின்னப் பிள்ளைகள், கட்டில் அடியில் ஒளிந்த என் தம்பி. அப்பா சட்டையைத் தேடி மாட்டிக்கொண்டு காணிக்கைக் கவரோடு வாசலுக்கு ஓடுவார். அம்மா அத்தனை பேருக்கும் கடுங்காப்பி போடுவாள். மூங்கில் குச்சியில் கலர்த்தாள் ஒட்டிய நட்சத்திரத்துக்குள் குண்டு பல்பு சூடேறித் தாள் ஓட்டை விழுந்திருக்கும். 25 விடியக்காலம் நாலு மணி ஆராதனை முடிந்து வந்து, இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும் தின்ற கையோடு தட்டு சுமக்கும் வேலை எனக்கு. பாய் வீடு, பிள்ளைமார் வீடு, டீச்சர் வீடு. முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, தூத்துக்குடி கேக் இரண்டு துண்டு. மேலே ஒரு குரோசா துணி. எந்த வீட்டுத் தட்டும் வெறுமனே திரும்பாது. ஒன்றுமே இல்லாவிட்டால் கொஞ்சம் சீனியாவது போட்டுத் தருவார்கள்.

இங்கே வந்த முதல் கிறிஸ்மஸில் கீழ்வீட்டுப் பெரியவருக்கு 23-ஆம் தேதியே அப்படி ஒரு எவர்சில்வர் தட்டு கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த நாள் எங்கள் வாசல் மிதியடியில் தட்டு இருந்தது. கழுவித் துடைத்து, முகம் பார்க்கலாம். அழகான கையெழுத்தில் ஒரு நன்றிச் சீட்டு. தட்டு வெறும் தட்டு. மனுஷர் மரியாதையாகத்தான் செய்திருக்கிறார், எனக்கே தெரியும். ஆனாலும் ராத்திரி அம்மாவிடம் பேசும்போது அழுதுவிட்டேன்.

அண்ணனும் மைனியும் வந்து இறங்கிய அன்று, மியூனிக்கிலிருந்து ரயில் பிடித்து எங்கள் ஊர் சந்தைத் திடலுக்கு வரும்போது மூன்றரை மணி தாண்டிவிட்டது. கடைகளின் சிவப்பு வெள்ளைக் கோட்டுத் துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். காய்ந்த பிளம்ஸ் பழத்தில் கை கால் செய்து தொப்பி போட்ட பொம்மைகளை ஒருவர் பெட்டியில் படுக்கவைத்துக்கொண்டிருந்தார். மைனி பட்டுச்சேலைக்கு மேல் என் ஓவர்கோட்டை மாட்டியிருந்தார். சுருட்டிய துணி மூட்டை பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு நடந்து வரும்போது ஆறு மணி. ஒரு ஆள் எதிர்ப்படவில்லை. மைனி என் காதில், "ஏம்மா, தெருவுல எதும் துட்டியா, சாவு வீடா?" என்றார்.

"இல்ல மைனி, கிறிஸ்மஸ்."

ராத்திரி பதினொன்றரைக்கு நம் ஊரில் விடியக்காலம் நாலு. ஊசிக்கோபுர ஆராதனையை யூடியூபில் போட்டு, சமையலறை மேஜையில் மாவு டப்பாவில் போனைச் சாய்த்துவைத்தான் அண்ணன். முதல் பாட்டுக்கு எல்லோரும் எழுந்து நின்றோம். மைனி கோயில் பாடகர் குழுவில் இருபது வருஷம் முன்வரிசையில் நின்றவர். இரவு பத்துக்கு மேல் இந்தக் கட்டடத்தில் துணி துவைக்கும் இயந்திரத்தைக்கூட ஓட்ட மாட்டோம் என்று நான் கை காட்டியதை அவர் கவனிக்கவில்லை. மூன்றாவது சரணத்தில் அழைப்பு மணி அடித்தது.

கீழ்வீட்டுப் பெரியவர். வீட்டுச் செருப்பு, கம்பளிச் சட்டை. மிகப் பணிவாக, மணி பதினொன்றரை ஆகிறது என்று ஆரம்பித்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள் மைனி என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்துவிட்டார். கிறிஸ்மஸ் ராத்திரி பாட்டுச் சத்தம் கேட்டு ஒரு மனுஷர் வாசலுக்கு வந்திருக்கிறார். மைனியின் கணக்கில் இதற்கு வேறு அர்த்தமே கிடையாது. "வாங்க, வாங்க, ஹேப்பி கிறிஸ்மஸ்!" கையைப் பிடித்து உள்ளே இழுத்து நாற்காலியில் உட்காரவைத்து, முந்திரிக்கொத்து ஒன்றைக் கையில் திணித்தாயிற்று. அவர் அதை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். கடித்தார். அது லேசில் கடிபடாது. அடுத்த கால் மணி நேரம் வேறு வழியில்லாமல் மென்றுகொண்டே எங்கள் ஊர்ப் பாதிரியாரின் பிரசங்கத்தைத் தமிழில் கேட்டார். நடுவில் ஒரு பாமாலைப் பாட்டு வந்தது. மெட்டு ஜெர்மன் மெட்டு போலிருக்கிறது, தாடியை ஆட்டிக்கொண்டு முணுமுணுத்தார். போகும்போது மைனி தட்டு நிறைய வைத்துக் கொடுத்தனுப்பினார். "பாவம், ஒத்தைல இருக்காரு போல" என்றார்.

26-ஆம் தேதி வியன்னா. ரயிலில் ஐந்து மணி நேரத்துக்குள் போய்விடலாம். நகர மண்டபத்துச் சந்தை அங்கே 26 வரை உண்டு. அண்ணனுடைய தேதிக்குப் பொருந்துகிற ஊர்களில் ஒன்று. பிராக்கில் ஜனவரி 6 வரையில்கூட இருக்கிறது, ஆனால் விசா நாள் கணக்கில் அதற்கும் சேர்த்து இடமில்லை. மரம் முழுக்கச் சிவப்பு இதயங்கள் எரிந்துகொண்டிருக்க, பக்கத்தில் பனிச்சறுக்குத் தளத்தில் பிள்ளைகள் விழுந்து எழுந்துகொண்டிருந்தார்கள். வீடியோவில் பார்த்ததேதான் என்று அண்ணனுக்குப் பரம திருப்தி. மைனி ஆல்கஹால் இல்லாத பஞ்ச் ஒன்றைக் குடித்துவிட்டு விலையை ரூபாயில் பெருக்கி நெஞ்சில் கை வைத்தார். கோப்பையைத் திருப்பிக் கொடுத்தால் முன்பணம் கிடைக்கும் என்றேன். "காசு கட்டியாச்சுல்ல, அப்ப நம்மளுதுதான்" என்று கைப்பையில் போட்டுக்கொண்டார். அம்மா இப்போது அதில்தான் காப்பி குடிக்கிறாளாம். உள்பக்கம் அளவுக்கோடு இருப்பதால் மருந்துக் குவளை என்று கொஞ்ச நாள் ஓரமாக வைத்திருந்தாளாம்.

27 இரவு வீட்டுக்கு வந்தபோது வாசலில் தட்டு இருந்தது. கழுவித் துடைத்து, நன்றிச் சீட்டோடு. மைனி அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சீனிகூட போடாம யாராச்சும் தட்டு குடுப்பாவளா? வளத்தவங்க சொல்லிக் குடுக்கலியோ என்னமோ." மிச்சமிருந்த அச்சுமுறுக்கை அடுக்கி, நடுவில் ஒரு கைப்பிடி சீனியை மாதிரிக்குக் குவித்து, என் மகளிடம் கொடுத்துக் கீழே அனுப்பிவிட்டுத்தான் ஊருக்கு விமானம் ஏறினார்.

இப்போது ஞாயிறு தோறும் போனில் சுகம் விசாரித்து முடித்ததும் அவருக்கு அடுத்த கேள்வி ஒன்றுதான்: "தட்டு வந்துச்சா?"