சி.எஃப். என்பவர் எனக்கு என்ன உறவு?

குவாத்தமாலாவுக்குப் போகிறோம் என்றதும் ஹூஸ்டனில் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே பல்லவியைப் பாடினார்கள்: கொள்ளைக்காரர்கள், எரிமலை. அக்காவும் நானும் அந்த இரண்டுக்கும் தயாராகத்தான் போனோம். நகை எதுவும் போட்டுக்கொள்ளவில்லை. விமான நிலையத்திலிருந்து பகல் வெளிச்சத்திலேயே ஆண்டிகுவா என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். வங்கிக்கு உள்ளே இருக்கும் ஏடிஎம்மில்தான் பணம் எடுத்தோம். இருட்டிய பிறகு எந்த பஸ்ஸிலும் ஏறவில்லை. கடைசியில் என்னைச் சாய்த்தது தள்ளுவண்டியில் வாங்கிய ஒரு கோப்பை ஐஸ்.

தடுப்பூசிகளில் குறை வைக்கவில்லை. ஹெபடைடிஸ் ஏ, டைபாய்டு இரண்டும் போட்டிருந்தேன். ஆண்டிகுவாவும் அதித்லான் ஏரியும் 1,500 மீட்டருக்கு மேல் இருப்பதால் அங்கே மலேரியாக் கவலை இல்லை. திக்காலில் இருக்கும் பழைய மாயன் கோயில்களைப் பார்க்க பெத்தேன் காட்டுப் பக்கம் போகிறவர்கள் மட்டும் மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீரை வாயில் வைக்கக் கூடாது என்பது தெரிந்ததுதான். பல் துலக்கக்கூட பாட்டில் தண்ணீர்தான். ஆனால் கிரானிசாதா என்று ஒன்று விற்கிறார்கள். ஐஸைச் சீவி, பாகு ஊற்றி, எலுமிச்சை பிழிந்து, அரைத்த பூசணி விதையைத் தூவிக் கொடுப்பார்கள். ஐஸும் தண்ணீர்தானே என்பது அந்த வெயிலில் உறைக்கவில்லை. "மதுரைத் தண்ணீர் குடித்த வயிறு, ஒன்றும் செய்யாது" என்று அக்காவிடம் பெருமை வேறு. பதினைந்து வருடமாக வடிகட்டிய தண்ணீரில் செல்லம் கொடுத்து வளர்த்த வயிறு அது என்பதை வசதியாக மறந்துவிட்டேன்.

அது 2024-ன் புனித வாரம். மார்ச் 28, வியாழன் இரவு பத்து மணிக்கு ஆரம்பித்தது. வயிற்றைப் பிசைந்தது, காய்ச்சல் வந்தது, பிறகு ரத்தமும். கைப்பையில் வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரை இருந்தது, இரண்டைப் போட்டுக்கொண்டேன். இது நான் செய்த இரண்டாவது தவறு. காய்ச்சலோ ரத்தமோ இருந்தால் லோபரமைடு என்ற அந்த மாத்திரையை எடுக்கவே கூடாது. கிருமியை உள்ளே வைத்துப் பூட்டுவது போல என்று மறுநாள் மருத்துவர் திட்டினார்.

விடியற்காலை மூன்று மணிக்கு அக்கா 1500-ஐ அழைத்தாள். சுற்றுலாப் பயணிகளுக்கான அரசு உதவி எண் அது, இரவிலும் எடுக்கிறார்கள். எடுத்தவர் ஆங்கிலத்திலேயே பேசி, திறந்திருக்கும் கிளினிக் ஒன்றைச் சொன்னார். கூடவே, "கார் வராது, நடந்துதான் போக வேண்டும்" என்றார்.

ஏன் என்று வாசலைத் திறந்ததும் புரிந்தது. பெரிய வெள்ளி ஊர்வலத்துக்காகத் தெரு முழுக்கக் கம்பளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். சாயம் தோய்த்த மரத்தூளை அச்சுப் பலகையில் சலித்து, பூவும் பைன் இலையும் வைத்து, இரவெல்லாம் குந்தியிருந்து போடும் கம்பளம். மார்கழிக் கோலப் போட்டி ஒன்று ஊரையே விழுங்கிவிட்டது போல இருந்தது. வேறு நாளாக இருந்தால் மெய்மறந்து நின்றிருப்பேன். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், கம்பளத்துக்கும் சுவருக்கும் இடையே இருந்த ஒரு முழ அகல இடைவெளிதான். கூழாங்கல் பாவிய தெரு, காலில் வலுவில்லை, வயிறு எந்த நொடியும் கைவிடலாம். கால் இடறினால் ஒரு குடும்பத்தின் ராத்திரி உழைப்பு போய்விடும். பாதி வழியில் முடியாமல் சுவரில் சாய்ந்து, எனக்குத் தெரிந்த ஒரே அவசர ஸ்பானியச் சொல்லைச் சொன்னேன்: "பாஞ்ஞோ?" மரத்தூள் சலித்துக்கொண்டிருந்த பாட்டி, கை முழுக்க ஊதாச் சாயத்தோடு எழுந்து, ஒன்றும் கேட்காமல் தன் வீட்டுக் கழிவறைக்கு என்னை அழைத்துப் போனார். அந்த வார்த்தையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

கிளினிக்கில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. டிரிப் ஏற்றினார்கள், அசித்ரோமைசினும் உப்பு-சர்க்கரைப் பொட்டலங்களும் கொடுத்தார்கள். மருந்துக் கடையில் 'சுவேரோ' என்று கேட்டாலே அந்தப் பொட்டலம் கிடைக்கும். மொத்தம் 1,180 கெட்சால், ஏறக்குறைய 150 டாலர். சனிக்கிழமை போவதாக இருந்த அகாத்தெனாங்கோ மலையேற்றத்தை அக்கா ரத்து செய்துவிட்டாள். 3,976 மீட்டர் மலை. 2017 ஜனவரியில் ஆறு பேர் குளிரில் விறைத்து இறந்த இடம். முன்பணம் திரும்பி வரவில்லை, வருத்தமும் இல்லை.

உண்மையான வயிற்றெரிச்சல் இனிமேல்தான். பணம் கட்டும்போது காசாளர் "நித்?" என்று கேட்டார். வரி எண். அங்கே தண்ணீர் பாட்டில் வாங்கினாலும் இதைக் கேட்பார்கள். எண் இல்லாதவர்கள் 'இறுதி நுகர்வோர்' என்று பொருள்படும் 'சி.எஃப்.' என்பதை "ஸே எஃபே" என்று சொல்ல வேண்டும். வந்த முதல் நாளே அதைக் கற்றுக்கொண்ட பெருமையில், காய்ச்சலிலும் கணீரென்று சொன்னேன்.

ஞாயிறு ஏரிக்கரைக்குப் போய், பில்லைப் படம் எடுத்துக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பினேன். இரவே பதில் வந்தது: "பில் சி.எஃப். என்பவர் பெயரில் உள்ளது. அவர் உங்களுக்கு என்ன உறவு?" தொலைபேசியில் அரை மணி நேரம் விளக்கினேன். எதிர்முனையில் இருந்தவருக்கு இறுதி நுகர்வோர் என்பது ஏதோ இறுதிச் சடங்கு போலப் பட்டதோ என்னவோ, "அவர் உயிரோடு இருக்கிறாரா?" என்று கேட்டார். என் பெயர், பாஸ்போர்ட் எண்ணோடு பில்லும், மருத்துவர் கையெழுத்தும் முத்திரையும் உள்ள சான்றும் வேண்டுமாம்.

திங்கள் காலை இரண்டரை மணி நேரம் மலைப்பாதையில் திரும்பி வந்தோம். காசாளர் உதட்டைப் பிதுக்கினார். பில் மார்ச் மாதத்தது, இன்று ஏப்ரல் 1, மாதம் மாறிவிட்டது, கணக்காளர் சொன்னால்தான் ரத்து செய்ய முடியும், கணக்காளர் நாளைக்குத்தான் வருவார். கெஞ்சினேன். நகத்தைப் பார்த்துக்கொண்டே "மஞ்ஞானா" என்றார். நாளை.

செவ்வாய்க்கிழமை கணக்காளர் நாலே நிமிடத்தில் புதுப் பில் அடித்துக் கொடுத்தார். மருத்துவர் சான்று எழுதி, தன் பதிவு எண் உள்ள முத்திரையைக் குத்தி, தண்ணீரைப் பற்றி மறுபடியும் திட்டினார். ஆறு வாரம் கழித்து, நானே ஏற்க வேண்டிய பங்கு போக 100 டாலர் வந்து சேர்ந்தது.

புதன்கிழமை விமான நிலையத்தில் காபி வாங்கினேன். கல்லாவில் இருந்த பெண் "நித்?" என்றாள். பாஸ்போர்ட்டை எடுத்து, பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்ல ஆரம்பித்தேன். பின்னால் வரிசை நீண்டது. "ஒரு காபிக்கா?" என்றாள் அக்கா. ஆமாம், ஒரு காபிக்குத்தான்.