பெல் அடிக்காத பெரியவர்

மூன்று வாரத்துக்கு முன்பு நைட் டூட்டியில் ஒரு இன்சிடென்ட் ரிப்போர்ட் எழுதினேன். ‘காரணம்’ என்ற கட்டத்தில் நான் எழுதியது: “பெல் அடிக்கச் சொல்லியும் அடிக்காமல், நோயாளி தானாகவே எழுந்து நடந்தார்.” எழுதும்போது சரியாகத்தான் பட்டது. சொன்னேன், கேட்கவில்லை, விழுந்தார். அவ்வளவுதானே?

எண்பதை நெருங்கும் பெரியவர். இதயம் பலவீனமாகி, கால் வீங்கி வந்து சேர்ந்தவர். ராத்திரி 1:10-க்குப் பாத்ரூம் வாசலுக்கு இரண்டடி முன்னால், சுவரில் சாய்ந்தபடி தரையில் இருந்தார். முழங்கையில் சிராய்ப்பு மட்டும். பெல் ஸ்விட்ச் தலையணைப் பக்கம், நான் வைத்துவிட்டுப் போன இடத்திலேயே கிடந்தது.

டாக்டர் பார்த்து எலும்பில் ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகு, காலையில் பிபி எடுத்தேன். படுத்திருக்கும்போது மேல் அளவு 136. பிடித்து நிற்க வைத்து, மூன்று நிமிடத்துக்குள் எடுத்தால் 108. எழுந்து நின்றதும் 20 குறைந்தாலே தலைசுற்றி விழக்கூடும், கவனிக்க வேண்டும் என்று மாணவியாக இருந்தபோதே படித்தது. சார்ட்டைப் புரட்டினால், நான்கு நாளாக எல்லா பிபியும் படுக்க வைத்தே எடுத்தது. அதில் பாதி என் கையெழுத்து.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. உடம்பில் தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் நீர் மாத்திரை தினம் இரண்டு வேளை. வார்டு வழக்கப்படி காலை 8, இரவு 8. ஃப்ரூஸ்மைடு என்ற அந்த மாத்திரை உள்ளே போன ஒரு மணி நேரத்தில் வேலையைத் தொடங்கும், சுமார் ஆறு மணி நேரம் நிற்காது. எட்டு மணிக்கு அதைக் கொடுத்துவிட்டு, ஒரு மணிக்கு மனிதர் ஏன் எழுந்தார் என்று ரிப்போர்ட் எழுதியிருக்கிறேன்!

மறுநாள் இரவு அவரிடமே கேட்டேன். “ஏன் ஐயா பெல் அடிக்கல?”

“நீங்க எதிர் பெட்டுக்கும் மருந்து ரூமுக்குமா ஓடிக்கிட்டு இருந்தீங்க சிஸ்டர். ஒண்ணுக்குப் போறதுக்கு ஒரு ஆளைக் கூப்பிடணுமா?” கொஞ்ச நேரம் கழித்து, “அது ஒண்ணாவது நானே செஞ்சுக்கிறேனே” என்றார்.

விழும் அபாயத்தைக் கணக்கிட நாங்கள் நிரப்பும் மோர்ஸ் அளவுகோல் ஞாபகம் வந்தது. ஜானிஸ் மோர்ஸ் என்ற செவிலியர் ஆய்வாளரும் சகாக்களும் 1989-இல் வெளியிட்டது. ஆறு கேள்வி, அதிகபட்சம் 125 மதிப்பெண். கடைசிக் கேள்வி மனநிலை. கிழமை, தேதி சரியாகச் சொன்னால் பூஜ்ஜியம் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம். ஆனால் அந்தக் கேள்வி கேட்பது அதை இல்லை. “தனியாகப் பாத்ரூம் போக முடியுமா?” என்று அவரையே கேட்க வேண்டும். அவர் சொல்லும் பதிலும் அவர் உடம்பின் உண்மை நிலையும் பொருந்தாவிட்டால் 15 மதிப்பெண். வந்து சேர்ந்த அன்றே “நானே போய்க்கிடுவேன்” என்று சொன்னவருக்கு நான் போட்டது பூஜ்ஜியம்.

மன அழுத்தத்தை மனிதர்கள் எப்படித் தாங்குகிறார்கள் என்று உளவியலாளர்கள் லாசரஸும் ஃபோக்மேனும் 1984-இல் எழுதியதைப் பரீட்சைக்காக உருப்போட்டிருக்கிறேன். பிரச்சினையைத் தீர்க்கப் பார்ப்பது ஒரு வகை, அது தரும் வேதனையைச் சமாளிப்பது இன்னொரு வகை. பெல்லைத் தொடாமல் இருந்தது அவருடைய சமாளிப்பு. அதைத்தான் நான் ‘சொல் பேச்சு கேட்கவில்லை’ என்று பதிவு செய்திருந்தேன்.

டாக்டரிடம் பேசி, இரண்டாவது மாத்திரையை மதியம் 2 மணிக்கு மாற்றினோம். அது சுலபம். கஷ்டம் வேறு இடத்திலிருந்து வந்தது: விழுந்த பிறகு பெரியவர் நடக்கவே மறுத்தார். முதியோர் மருத்துவர் மேரி டினெட்டியும் சகாக்களும் 1990-இல் இந்தப் பயத்தை அளக்கவே பத்துக் கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோல் வெளியிட்டார்கள். குளிப்பது, அலமாரியில் கை நீட்டுவது என்று சாதாரண வேலைகள்தான். விழாமல் செய்வேன் என்று எவ்வளவு நம்பிக்கை என்று கேட்கும். பயந்து நடக்காமல் இருந்தால் கால் தசை கரையும், கரைந்தால் மறுபடி விழுவார். கட்டிலோடு கிடத்தி ‘பத்திரமாக’ வைத்திருக்கிறோம் என்று சிலர் நினைப்பது எனக்குக் கோபம் வரவைக்கும் விஷயம்.

“பெல் அடிங்க” என்று சொல்வதை நிறுத்தினேன். “ராத்திரி 11 மணிக்கு நான் வருவேன், சேர்ந்து போயிட்டு வருவோம்” என்றேன். முதல் இரண்டு நாள் வேண்டாம் என்று தலையாட்டினார். மூன்றாம் நாள் எதிர் பெட்டில் வேலை இழுத்துவிட, 11:10-க்குப் போனேன். கட்டில் ஓரமாகக் காலைத் தொங்கப் போட்டு, செருப்பு மாட்டி உட்கார்ந்திருந்தார்.

“பத்து நிமிஷம் லேட்டு சிஸ்டர்.”