தட்டை வயர் அன்டெனாவைப் புது டிவிக்கு மாற்றியது: மட்டக்களப்பு, கல்லடி வேலைக் குறிப்பு

கூரைக்கு மேலே ஜி.ஐ. குழாய், அதன் உச்சியில் பழைய அலுமினிய அன்டெனா, அங்கிருந்து சுவரோரமாக இறங்கும் தட்டை வயர். அன்டெனாவின் மடித்த கம்பியும் அந்த வயரும் 300 ஓம் (சிக்னலுக்கு அவை காட்டும் மின்தடை அளவு). புது எல்.ஈ.டி. டிவியின் பின்னால் இருப்பதோ 75 ஓம் வட்டக் குழி ஒன்று மட்டும். இரண்டையும் சேர்க்க, 300 ஓமை 75 ஓமாக மாற்றும் சிறு இணைப்பான பாலூன் வேண்டும். அதை எந்த முனையில் வைப்பது என்பதில்தான் படத்தின் தரம் இருக்கிறது.

முதலில் பாலூனை டிவிக்குப் பின்னால் மாட்டி, தட்டை வயரை அப்படியே விட்டுப் பார்த்தோம். படம் வந்தது. ஆனால் ஒவ்வொரு உருவத்துக்கும் வலப்பக்கம் மங்கலான நிழல். தட்டை வயருக்குக் கவசம் இல்லை. தகரக் கூரையையும் ஜன்னல் கிரில்லையும் தொட்டு ஓடினால் அதன் 300 ஓம் குலைந்துவிடும். மழையில் நனைந்தால் இழப்பும் கூடும். மாரியில் படம் புள்ளி புள்ளியாவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

அடுத்த நாள் பாலூனை அன்டெனாப் பெட்டிக்குள் ஏற்றி, கீழே வரை 20 மீற்றர் ஆர்.ஜி.6 வயர் (உலோக வலைக் கவசமுள்ள 75 ஓம் வட்ட வயர்) இழுத்தோம். நிழல் போய்விட்டது. யூ.எச்.எஃப். எனும் உயர் அதிர்வெண் டிவி அலையில் இந்த நீளத்துக்குச் சுமார் 3 முதல் 4 டெசிபெல் சிக்னல் இழப்பு, பரவாயில்லை.

பழைய பெட்டியைத் திறந்தபோது செப்புக் கம்பி பச்சைத் தூளாகியிருந்தது, திருகாணித் தலையை நகத்தால் சுரண்டினாலே உதிர்ந்தது. உப்புக் காற்றில் செம்பும் அலுமினியமும் நேரடியாகத் தொட்டால் அரிப்பு வேகமாக நடக்கும். ஈயம் பூசிய முனைகளும் துருப்பிடிக்காத திருகாணிகளும் போட்டோம். வினாகிரி மணமுள்ள சிலிக்கனைப் பூச வேண்டாம். அதிலிருந்து வரும் அமிலம் செம்பை அரிக்கும். தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றினால் தண்ணீர் வழிந்து போகும். வயர் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு வளைவு தொங்கவிட்டால் மழைநீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும்.

ஆர்.ஜி.6 வயரின் முனையில் எஃப் கொனெக்டர் (திருகி மாட்டும் இணைப்பு முனை) போடும்போது வெளித்தோலை 15 மி.மீ. வெட்டி, வலையைப் பின்னால் மடித்து, நடுக்கம்பி கொனெக்டர் விளிம்புக்கு வெளியே 2 மி.மீ. தெரியும்படி விடவும். வலையின் ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டாலே படம் போய்விடும். அதை மல்டிமீற்றரில் சோதிக்க, முதலில் பாலூனைக் கழற்றுங்கள். அநேக பாலூன்கள் மீற்றருக்கு ஷோர்ட் போலவே தெரியும். நல்ல வயரைக் கெட்டதென்று வெட்டிவிடுவீர்கள். பாலூன் இல்லாமல், மறுமுனை திறந்திருக்க, மீற்றர் முடிவிலி காட்ட வேண்டும்.

சிக்னலைப் பெருக்கும் பழைய பூஸ்டரைத் திரும்ப மாட்டவில்லை. அதில் 300 ஓம் திருகாணிகள், அதோடு சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் பூஸ்டர் அளவுக்கு மீறிப் பெருக்கிப் படத்தைக் கலங்கடிக்கும். மேலே பொருத்தும் வகைப் பூஸ்டர் தேவைப்பட்டால், அதற்கான மின்சாரம் வயர் வழியே ஏறுகிறது என்பதை மறக்கக் கூடாது; இடையில் சிக்னலைப் பிரிக்கும் சாதாரண ஸ்பிளிட்டர் இருந்தால் அது தடைப்படலாம்.

டிவி மெனுவில் டிஜிட்டல் தேடல் மட்டும் ஓடவிட்டுச் சனல் இல்லை என்று முடிவெடுக்காதீர்கள். அனலொக் தேடலையும் ஓடவிடுங்கள். படம் தெளிவாக இருந்து சத்தம் மட்டும் இரைந்தால் ஒலி முறையை பி/ஜி என்று மாற்றுங்கள். இலங்கையில் அனலொக் ஒளிபரப்பு பால் (PAL) பி/ஜி முறையில்தான்.

குழாயை இறக்கும் முன் மின்சாரக் கம்பி எவ்வளவு தூரத்தில் போகிறது என்று பார்த்துவிடுங்கள். குழாய் சரிந்தால் அதன் முழு நீளமும் விழும் வட்டத்துக்குள் கம்பி இருந்தால் தொடவே வேண்டாம். இடி முழங்கும் நாளில் ஏணியே வேண்டாம்.