பதினாலாம் நம்பர் ஊசி

ஜனவரி 21

நேற்று செவ்வாய்ப் பொங்கல். நாட்டரசன்கோட்டைக்குப் போய்வந்த எதிர்வீட்டு ஆச்சி சீப்புச்சீடை கொடுத்தனுப்பினார்கள். மூன்றாவது சீடையில் கடக்கென்று சத்தம். உடைந்தது சீடை இல்லை. இடது கீழ்க் கடைவாயில் இருந்த பழைய சொத்தைப் பல்லின் ஓரம் பெயர்ந்து நாக்கில் கிடந்தது. ராத்திரி முழுக்கக் கிராம்புத் தைலமும் கன்னத்தில் கையுமாகக் கழிந்தது. தைக் கல்யாணங்களுக்குப் பதினேழு ரவிக்கை பாக்கி. பல்லுக்கு வேறு நேரமா கிடைக்கவில்லை!

"நாளைக்கே காரைக்குடியில போய்க் காட்டு" என்கிறார்கள் அப்பத்தா. அவர்களுக்கு 79 வயது. மேல்வரிசையில் ஒரு பல் இரண்டு வருஷமாக ஆடிக்கொண்டிருக்கிறது. ஊசிக்குப் பயந்து கஞ்சியிலேயே காலத்தை ஓட்டுகிறவர்கள் எனக்குப் புத்தி சொல்கிறார்கள்.

ஜனவரி 22

போகவில்லை. வேலை இருந்தது என்று இங்கே எழுதலாம். உண்மை, பயம்தான்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் வேறொரு ஊரில், பெயர் வேண்டாம், மேல் பல் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டேன். அந்த டாக்டர் மருந்துப் புட்டியின் ரப்பர் மூடியில் ஊசியைக் குத்தி உறிஞ்சினார். அதே ஊசியால் எனக்கு நாலு குத்து. கடைசிக் குத்து அண்ணத்தில். மருந்து மொத்தத்தையும் ஒரே அமுக்கில் தள்ளிவிட்டார். பல் பிடுங்கியது நினைவில்லை. அந்த அமுக்கு மட்டும் இன்னும் இருக்கிறது.

ஜனவரி 23

போனேன். சின்ன வயது டாக்டர் அம்மா. படம் எடுத்துப் பார்த்து, பல்லைக் காப்பாற்றலாம், ரூட் கேனால் பண்ணணும் என்றார். நான் கேட்ட முதல் கேள்வி: "எத்தனாம் நம்பர் ஊசி போடுவீங்க?"

சிரித்துவிட்டார். டெய்லர் என்று சொன்னதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

பல் ஊசியில் 25, 27, 30 என்று நம்பர். நம்பர் ஏற ஏற ஊசி மெலிசு. 27 சுமார் 0.4 மில்லிமீட்டர் கனம், 30 சுமார் 0.3. எங்கள் தையல் மெஷினில் நேர்மாறு: பட்டுக்கு 11, காட்டனுக்கு 14, ஜீன்ஸுக்கு 18. ஆனால் கைத்தையல் ஊசி பல் டாக்டர் கட்சி. அதிலும் நம்பர் கூடினால் மெலிசுதான்.

"அப்போ எனக்கு 30 போடுங்க" என்றேன்.

"போடலாம். ஆனா உங்களுக்குக் கீழ்த்தாடை முழுக்க மரக்கணும். நரம்புகிட்டப் போக ரெண்டு, ரெண்டரை சென்டிமீட்டர் உள்ளே இறங்கணும். ரொம்ப மெலிசா இருந்தா வழியிலேயே வளைஞ்சு தடம் மாறிடும். உள்ளே ஒடிஞ்சா அது வேற வம்பு. கண்ணை மூடிக்கிட்டு இருக்கிறவங்களுக்கு 27 எது, 30 எதுன்னு தெரியறதே இல்லைங்க. சோதிச்சுப் பாத்திருக்காங்க."

அப்புறம் புது ஊசி ஒன்றின் மூடியைக் கழற்றி, தன் பூதக்கண்ணாடியை எனக்கு மாட்டிவிட்டார். முனை ஒரே சரிவாக இல்லை. மூன்று முகமாகச் சீவியிருந்தது. மேலே சிலிகான் பூச்சு, சதையோடு உரசாமல் வழுக்கிப் போக. துளையைச் சுற்றியுள்ள சுவரை மெலிதாக்கியிருக்கிறார்களாம். வெளிக் கனம் கூடாமலே உள்துளை பெரிதாகிறது, மருந்து அழுத்தமில்லாமல் இறங்குகிறது. பிளாஸ்டிக் கழுத்தில் ஒரு புள்ளி: சீவிய முகம் எந்தப் பக்கம் என்பதற்கு அடையாளம். எலும்பைப் பார்த்தபடி அந்த முகம் போக வேண்டும்.

எனக்குப் பிடித்துப்போனது பின்பக்கம். ஊசிக்கு இரண்டு முனை! பின்முனைதான் 1.8 மில்லி மருந்துக் குப்பியின் ரப்பரைக் குத்துகிறது. வாய்க்குள் போகும் முனை அதுவரை எதையும் தொட்டிருக்காது. ரப்பரில் குத்திய ஊசி கூர் மழுங்கும் என்பது எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எட்டு வருஷ வழக்கு அங்கேயே தீர்ந்தது. புட்டி மருந்துதான் இருக்கிறது என்றாலும் உறிஞ்ச ஒன்று, போட ஒன்று என்று ஊசியை மாற்றியிருக்கலாமே. எத்தனை ரூபாய் ஆகிவிடும்?

பிறகு போட்டார். ஈறைப் பஞ்சால் ஒற்றி உலர்த்தி, மரக்கும் ஜெல் தடவி, இரண்டு நிமிஷம் சும்மா இருந்தார். அந்த ஜெல் மேலாக இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டுமே மரக்கச் செய்யும். ஊசி நுழையும் இடத்துக்கு அது போதும். கன்னத்தை விரலால் இழுத்து விறைப்பாகப் பிடித்தார். எம்ப்ராய்டரி சட்டத்தில் துணியை இழுத்து மாட்டுவது போலத்தான். தொய்ந்த துணியில் ஊசி துணியைத் தள்ளும், விறைத்த துணியில் துளைக்கும்.

குத்தியதை விட மருந்து இறங்குவதற்குத்தான் நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன் (வாய் திறந்திருந்ததால் மனசுக்குள்). முதலில் பிஸ்டனை லேசாகப் பின்னே இழுத்து, ரத்தம் வருகிறதா என்று பார்த்தார். பிறகு ஒரு நிமிஷத்துக்கும் மேலாகச் சொட்டுச் சொட்டாக. மரப்பு நீடிக்க மருந்தில் சேர்த்திருக்கும் அட்ரினலின் கெடாமல் இருக்க அதைப் புளிப்பாகவே வைத்திருக்கிறார்களாம். அதனால்தான் எரிகிறது, வேகமாகத் தள்ளினால் இன்னும் எரியும். கொஞ்சம் எரிந்தது. அவ்வளவே. உதடு பாதி பணியாரம் மாதிரி வீங்கிய நினைப்பு. கண்ணாடியில் பார்த்தால் அப்படியேதான் இருந்தது.

ஜனவரி 24

நேற்று மரப்பு போவதற்குள் காபி குடித்து உதட்டைக் கடித்துக்கொண்டேன். டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார்.

ஜனவரி 27

குன்றக்குடிச் சாலையில் பழனிக்கு நடக்கிற கூட்டம். எங்கள் வீட்டில் மெஷின் ஓட்டம். பட்டு ரவிக்கையில் கொக்கி ஒன்றை ஊசி போய் இடித்துவிட்டது. அடுத்த தையலிலேயே இழை பிடித்து இழுத்தது. ஊசியைக் கழற்றி நகத்தில் உரசிப் பார்த்தேன்; முனை ஒரு மயிரளவு மடிந்து நகத்தில் கோடு போட்டது. பல் ஊசியும் எலும்பில் இடித்தால் தூண்டில் முள் மாதிரி மடியும், உள்ளே போவதை விட வெளியே வரும்போதுதான் கிழிக்கும் என்றார் டாக்டர் அம்மா அன்று. மூன்று நாலு குத்துக்கு மேல் ஒரு ஊசியை அவர் வைத்துக்கொள்வதில்லை.

அப்பத்தா கேட்டுக்கொண்டே இருந்தார்கள். "எங்க அப்பச்சிக்குப் பர்மாவுல பல்லுப் புடுங்கயில நாலு பேரு புடிச்சுக்கிட்டாகளாம். மருந்தெல்லாம் ஏது?" இப்போது போடும் லிக்னோகைனை 1943-இல் சுவீடனில் லோஃப்கிரென் என்பவர் செய்தார், கடைக்கு வந்தது 1948-இல் என்று போனில் படித்துக் காட்டினேன். "நான் பொறந்து ஒரு வருசங் கழிச்சா?" என்றார்கள். அதில் ஏதோ சமாதானம் போல. நல்ல சமயம் என்று டாக்டர் அம்மாவுக்குப் போன் போட்டுவிட்டேன்.

பிப்ரவரி 3

அப்பத்தாவை ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிப்போனேன். முதலில் பிரஷர் பார்த்தார்கள்.

"ஒண்ணும் பயப்படாதீங்க ஆச்சி, எறும்பு கடிச்ச மாதிரிதான்."

"எந்த எறும்பு? சித்தெறும்பா, கட்டெறும்பா?"

டாக்டர் கொஞ்சம் திகைத்துவிட்டார்.

மேல்தாடை என்பதால் 30 நம்பர், குட்டை ஊசி. வெளி ஈறில் அப்பத்தா அசையவே இல்லை. அடுத்து அண்ணம். அங்கே தோல் எலும்போடு ஒட்டிக் கிடப்பதால் மருந்து விரிய இடமில்லை, எவ்வளவு நல்ல ஊசியும் அங்கே தோற்கும் என்று டாக்டரே சொல்லிவிட்டார். பஞ்சு சுற்றிய குச்சியால் அந்த இடத்தை வெளுக்கும்வரை அழுத்திப் பிடித்து, அதன் ஓரத்திலேயே குத்தி, ரொம்ப மெதுவாகச் சில சொட்டு. அப்பத்தாவின் கை என் கையை இறுக்கியது. வளையல் பதிந்த தடம் இன்னும் இருக்கிறது.

பல் இரண்டு நிமிஷத்தில் வந்துவிட்டது.

ஆட்டோவில் வாயில் பஞ்சைக் கவ்விக்கொண்டு விரலைக் காட்டினார்கள். ஈறு என்று ஒரு விரல்: "சித்தெறும்பு." அண்ணம் என்று மேலே காட்டி: "கட்டெறும்பு."

பக்கத்துப் பல்லும் ஆடுகிறதாம். அதை மாசி கழியட்டும், பார்க்கலாம் என்றிருக்கிறார்கள்.