படிகாரத்தில் வரைந்து பழகியது

டெக்ஸ்டைல் டிசைன் படிப்பில் என்னை முழுசாக இழுத்துக்கொண்டது மார்டன்ட் அச்சு, அதாவது சாயத்தைத் துணியில் பிடிக்கவைக்கும் பொருளைக் கொண்டு அச்சிடுவது. இதில் நிறத்தை வரைவதில்லை, நிறம் எங்கே பிடிக்க வேண்டுமோ அந்த இடத்தை மட்டும் வரைகிறோம்.

காடாத் துணியைச் சோடா உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து, கஞ்சியும் எண்ணெய்ப் பசையும் போக அலசுவோம். பிறகு கடுக்காய்த் தூள் கரைத்த நீரில் ஊறவைத்துக் காயப்போட்டால் துணி இளமஞ்சளாகும். அதன்மேல் படிகாரக் கரைசலைப் பசையில் கலந்து அச்சிட்டால் கோலம் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் போட்டுச் சில வாரம் புளிக்கவைத்த நீரை வைத்தாலோ, கடுக்காயின் துவர்ப்போடு சேர்ந்து அந்த இடம் அப்போதே கறுத்துவிடும். அப்புறம் காயவிட்டு, நன்றாக அலசி, துணி முழுவதையும் சிவப்புச் சாயம் தரும் மஞ்சிட்டி வேர்த் தொட்டியில் இறக்க வேண்டும். படிகாரம் பட்ட இடம் சிவக்கும், இரும்பு பட்ட இடம் கறுப்பாகவே நிற்கும், இரண்டும் கலந்த இடம் பழுப்பாகும். தொட்டியில் இருப்பது ஒரே சாயம்தான். எகிப்தியர்கள் இதுபோலச் செய்ததை முதல் நூற்றாண்டிலேயே ரோமானியரான பிளினி வியந்து எழுதியிருக்கிறார். கலம்காரிக்காரர்கள் இன்றும் சிவப்பை இப்படித்தான் எடுக்கிறார்கள்.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கேன் தண்ணீரில் எடுத்த சிவப்பைவிட எங்கள் போர் தண்ணீரில் எடுத்த சிவப்பு ஆழமாக இருந்தது. உப்புத் தண்ணீர் என்று நாம் திட்டும் அதில் உள்ள கால்சியம்தான் காரணம். மஞ்சிட்டிச் சிவப்பு கெட்டிப்பட அது வேண்டும். சூட்டையும் மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும், கொதிக்கவிட்டால் சிவப்பு பழுப்பை நோக்கிப் போகும். இதையெல்லாம் ஒவ்வொரு மாதிரித் துண்டின் ஓரத்திலும் எழுதித் தைத்து வைக்கிறேன். எழுதாத துண்டு எவ்வளவு அழகாக வந்திருந்தாலும் பாடத்துக்கு உதவாது.

ஒரே கோலம் துணி முழுக்கத் திரும்பத் திரும்ப வரும்படி ரிப்பீட் போடுவதற்கு நான் இன்னும் காகிதத்தையே நம்புகிறேன். நடுவில் மட்டும் வரைந்து, தாளை நான்காக வெட்டி, துண்டுகளை இடம் மாற்றி ஒட்டினால் ஓரங்கள் நடுவுக்கு வந்துவிடும். அங்கே தெரியும் வெற்றிடத்தை நிரப்பினால் சேரும் இடம் மறையும். பக்கத்து வரிசையைப் பாதி உயரம் இறக்கி வைக்கும் ஹாஃப் டிராப் முறையில் சட்டம் அடித்தது போன்ற கோடுகளும் எழாது. சுவரில் ஒட்டிவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள், பூவுக்கு முன்னால் இடைவெளிகள்தான் கண்ணில் படும்.

துணியின் பரப்பையே மாற்றிப் பார்த்தது அதற்குப் பிறகு. காஸ்டிக் சோடாவைப் பசையாக்கிப் பருத்தியில் பட்டை பட்டையாக அச்சிட்டால், பட்ட இடம் சுருங்கும், படாத இடம் கொப்பளித்து எழும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அதன் பக்கம் போகவே கூடாது. வினிகர் நீரில் அலசி முடித்து, அதே துணிக்குக் கடுக்காய், படிகாரம், மஞ்சிட்டி என்று வரிசையாகக் கொடுத்தேன். சுருங்கிய பட்டைகள் சாயத்தைக் கூடுதலாகக் குடித்து அடர்சிவப்பாக வந்தன. மேடு பள்ளமும் நிறமும் ஒரே அச்சிலிருந்து பிறந்த அந்தத் துண்டுதான் இதுவரை நான் செய்ததில் எனக்கு மிகப் பிடித்தது.

அடுத்து, பட்டும் பருத்தியும் கலந்த கோரா காட்டனை எடுக்கப்போகிறேன். சூடான காஸ்டிக் பட்டு இழையை அரித்துவிடும், பருத்தியை விட்டுவைக்கும். பட்டு போன இடத்தில் பருத்தி இழை மட்டும் சல்லாவாக நிற்குமா, துணி தாங்குமா என்று பார்க்க வேண்டும். சிறு துண்டுகளாக வெட்டி வைத்தாயிற்று.