தொடுவதற்கு முன் சொல்லுங்கள்

பிரசவ வலியோடு வரும் பெண்ணிடம் நான் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று, "கடைசியா எப்பம்மா சாப்பிட்டீங்க?" என்பது. மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு தாலுகா மருத்துவமனையின் லேபர் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். ஏலத் தோட்ட வேலைக்கு விடியற்காலையில் ஜீப் ஏறிப் போகும் பெண்கள் நிறையப் பேர் இங்கேதான் பிள்ளை பெறுகிறார்கள். வலி கண்டதுமே வீட்டில் யாராவது "இனிமே பச்சைத் தண்ணிகூடக் குடிக்காத" என்று சொல்லியிருப்பார்கள். ராத்திரி முழுக்கப் பட்டினி கிடந்து, உதடு காய்ந்து வந்து நிற்பார்கள். சிக்கல் எதுவும் இல்லாத பெண் வலி நேரத்தில் சாப்பிடலாம், குடிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பிரசவ வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. ரத்த அழுத்தம், குழந்தையின் இதயத் துடிப்பு எல்லாம் பார்த்துவிட்டு, டாக்டரும் சரி என்றால், கஞ்சியோ இட்லியோ வாங்கி வரச் சொல்லிவிடுவேன். முக்குவதற்குத் தெம்பு வேண்டாமா?

நோயாளியை மதிப்பது என்றால் என்ன என்று புதிதாக வேலைக்கு வரும் நர்ஸ் பிள்ளைகள் கேட்கிறார்கள். சிரித்துப் பேசுவது என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். சிரிப்பு நல்லதுதான். ஆனால் என்னைப் பொறுத்தவரை மதிப்பு என்பது உள் பரிசோதனையில்தான் தெரியும்.

கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று விரலால் பார்க்கிறோமே, அதைச் சொல்கிறேன். எங்களுக்கு அது அன்றாட வேலை. அந்தப் பெண்ணுக்கு, புருஷனைத் தவிர யாரும் தொட்டிராத இடத்தை முன்பின் தெரியாத ஒருத்தி தொடுகிறாள். அதனால் கையுறை போடும் முன்பே சொல்லிவிடுவேன்: "உள்ள கை வெச்சுப் பாக்கப் போறேன்மா, கொஞ்சம் சங்கடமா இருக்கும், பாக்கலாமா?" அவர் தலையசைக்கும்வரை பொறுப்பேன். திரையை இழுத்துவிடுவேன். இடுப்புக்குக் கீழே போர்வை இருக்க வேண்டும். வலி உச்சத்தில் இருக்கும்போது கை வைக்கக் கூடாது, அந்த அலை இறங்கட்டும். "நிறுத்துங்க" என்றால் நிறுத்த வேண்டும். பார்த்து முடித்ததும் கேஸ் ஷீட்டில் எழுதுவதற்கு முன்னால் அவரிடமே சொல்வேன்: "நாலு சென்டிமீட்டர் திறந்திருக்கு. நல்லாத்தான் போகுது. இன்னும் நேரம் ஆகும்." டாக்டருக்குச் சொல்கிறோம், வெளியே நிற்கும் மாமியாருக்குச் சொல்கிறோம். உடம்புக்குச் சொந்தக்காரிக்குச் சொல்லாமல் போவதை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை.

இதற்கெல்லாம் எவ்வளவு நேரம் ஆகிவிடும்? அரை நிமிஷம். முன்கூட்டிச் சொல்லித் தொட்டால் பெண் தொடையை இறுக்க மாட்டார், பரிசோதனையும் சீக்கிரம் முடியும். அப்புறம், எல்லாம் சரியாகப் போகும் பிரசவத்தில் இந்தப் பரிசோதனை நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை போதும். டியூட்டி மாறும்போதெல்லாம் ஒருவர், பயிற்சிக்கு வந்த மாணவிகள் வரிசையாக என்று ஆளாளுக்குப் பார்க்க வேண்டியதில்லை. மாணவிக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்றால் அந்தப் பெண்ணிடம் தனியாக அனுமதி கேட்க வேண்டும். அவர் வேண்டாம் என்றால் அத்தோடு சரி.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணைத் திட்டம் 2004இலேயே வந்துவிட்டது. பிரசவ அறையில் ஒரு பெண் உறவினர் கூடவே இருக்கலாம். 2017 கடைசியில் பிரசவ அறைகளின் தரத்தை உயர்த்த மத்திய அரசு கொண்டுவந்த 'லக்ஷ்யா' திட்டமும் இதை வலியுறுத்துகிறது. காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பு அதே 2017இல் வெளியிட்ட ஓர் ஆய்வுத் தொகுப்பு, 15,000க்கும் மேற்பட்ட பெண்களின் பிரசவங்களை வைத்து, பக்கத்தில் தொடர்ந்து ஒருவர் துணை இருந்தால் சிசேரியன் குறைகிறது, வலி நேரமும் கொஞ்சம் சுருங்குகிறது என்று சொன்னது. இதை நாங்கள் கண்ணால் பார்க்கிறோம். சிக்கல் எங்கே என்றால், அந்தத் துணை யார் என்பதைப் பெரும்பாலும் குடும்பம் முடிவு செய்துவிடுகிறது. முதல் பிரசவத்துக்கு வந்த ஒரு சின்னப் பெண்ணோடு மாமியார் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சத்தம் போடவில்லை. பாத்ரூமுக்குக் கூட்டிப் போகும்போது, "யாரு கூட இருக்கணும்னு நெனைக்கிறீங்க?" என்று கேட்டேன். "எங்க அக்கா, சிஸ்டர்" என்றார், அதுவும் காதோடு. மாமியாரிடம் போய், "அம்மா, ராத்திரி பூரா முழிச்சிருக்கீங்க. கொஞ்சம் வெளிய உக்காருங்க, அவங்க அக்கா இருக்கட்டும். பிள்ளையை வாங்கறதுக்கு நீங்க தெம்பா இருக்கணும்ல?" என்றேன். அவருக்கும் மனக்குறை இல்லை. அக்கா வந்து இடுப்பைத் தேய்க்க ஆரம்பித்ததும்தான் அந்தப் பெண் வாய்விட்டு அழுதார். இந்தக் கேள்வியை எப்போதும் தனியாகத்தான் கேட்க வேண்டும், யார் முன்னிலையிலும் கேட்கக் கூடாது.

லேபர் ரூம் வசவு ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் பிள்ளை பெற்ற பெண்களுக்கு எது என்று சொல்லாமலே தெரியும். அதை இங்கே எழுத எனக்கு மனமில்லை. வலியில் கத்தும் பெண்ணிடம் அப்படிப் பேச யாருக்கும் உரிமை கிடையாது. அடிப்பதும் தொடையில் கிள்ளுவதும் வயிற்றை மேலிருந்து அமுக்குவதும் அதே கணக்குத்தான். வயிற்றை அமுக்கிக் குழந்தையைத் தள்ளுவது கூடாது என்று அதே 2018 வழிகாட்டுதல் சொல்கிறது.

தையலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கிழிந்த இடத்தில் லிக்னோகெய்ன் என்ற மரப்பு ஊசி போட்டால் உடனே மரத்துவிடாது. இரண்டு நிமிஷம் காத்திருந்து, அந்த இடத்தை ஃபோர்செப்ஸால் லேசாகக் கிள்ளிப் பார்க்க வேண்டும். வலிக்கிறது என்றால் இன்னும் இரண்டு நிமிஷம். குழந்தையே பிறந்துவிட்டதே, இந்த வலி என்ன பெரிய வலி என்ற நினைப்பில் அந்த நிமிஷங்களை விழுங்கிவிடக் கூடாது. பிரசவ வலியை மறந்துவிட்டு, தையல் வலியை வருஷக்கணக்கில் சொல்லும் பெண்கள் இருக்கிறார்கள்.

எனக்கு அதிகம் ஆத்திரம் வரும் விஷயம், கர்ப்பப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனமான காப்பர் டி. நஞ்சுக்கொடி விழுந்த பத்து நிமிஷத்துக்குள் பொருத்தலாம், இல்லாவிட்டால் 48 மணி நேரத்துக்குள் பொருத்தலாம். 380ஏ வகை பத்து வருஷம் வரை வேலை செய்யும். நல்ல முறை, பல பெண்களுக்கு நிம்மதி தந்த முறை. ஆனால் அதற்கான பேச்சு கர்ப்ப காலப் பரிசோதனைக்கு வரும்போதே நடந்திருக்க வேண்டும். மாதவிடாயில் ரத்தப்போக்கு கூடலாம், தானாக வெளியே வந்துவிடலாம், வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வலியின் உச்சத்தில் இருப்பவரிடம் பேப்பரை நீட்டி வாங்கும் கையெழுத்தை நான் சம்மதமாக எடுத்துக்கொள்வதில்லை. அந்தச் சமயத்தில் சொத்துப் பத்திரத்தை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். முன்பே பேசவில்லை என்றால், 48 மணி நேரம் இருக்கிறது. குழந்தைக்குப் பால் கொடுத்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்த பிறகு கேட்கலாம். அப்போது வேண்டாம் என்றால், வேண்டாம்தான்.

எங்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒரே நேரத்தில் மூன்று பெண்கள் முக்கும் ராத்திரிகள் உண்டு, கை இரண்டுதான். 2015இல் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் வேலைக்குச் சேர்ந்த செவிலியர்கள் நிரந்தரப் பணிக்காக வருஷக்கணக்கில் போராடினார்கள். தன்னை மதிக்காத இடத்தில் நின்றுகொண்டு இன்னொருவரை மதிப்பது கஷ்டம். ஆள் போட வேண்டியது அரசின் வேலை, அதைக் கேட்டு வாங்கத்தான் வேண்டும். ஆனால் திரையை இழுத்துவிட ஆள் பற்றாக்குறை குறுக்கே நிற்பதில்லை.

இதைப் படிப்பவர்களில் மாசமாக இருப்பவர்கள் இருந்தால் சில விஷயங்களை இப்போதே பேசி வையுங்கள். துணைக்கு யார் வர வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். அடுத்த செக்கப்பில் காப்பர் டி பற்றி நீங்களே நர்ஸிடம் கேளுங்கள், வேண்டாம் என்றால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். வலி நேரத்தில் எழுந்து நடக்கலாமா என்று கேளுங்கள். உள் பரிசோதனை செய்தால், "எவ்வளவு திறந்திருக்கு சிஸ்டர்?" என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனையில் யாராவது திட்டினாலோ பணம் கேட்டாலோ, கூட வந்தவர்கள் 104க்கு அழைத்துப் புகார் சொல்லலாம்.