லென்ஸ் வளையத்தில் எழுதியிருப்பது

"லென்ஸ்ல 1:3.5-5.6னு போட்டிருக்கே, என்னது அது?" புதிதாகக் கேமரா வாங்கியவர்கள் இன்பாக்ஸில் அடிக்கடி கேட்பது இது.

லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் திறப்பு அதிகபட்சம் எவ்வளவு விரியும் என்பதைச் சொல்வது அது. கேமராவோடு சேர்த்துத் தரும் 18-55 எம்எம் கிட் லென்ஸையே எடுத்துக்கொள்வோம். ஜூம் செய்யாமல் 18-இல் வைத்தால் எஃப்/3.5 (அந்த 1:3.5-தான்) வரை திறக்கும். 55-க்கு ஜூம் செய்தால் 5.6-ஐத் தாண்டித் திறக்காது; வெளிச்சம் குறைவதால் கேமரா படமெடுக்க அதிக நேரம் எடுக்கும். கல்யாண மண்டபத்தில் ஜூம் செய்ததும் படம் கலங்கிப்போவது பெரும்பாலும் இதனால்தான்.

எண் சிறிதானால் திறப்பு பெரிது. தலைகீழாக இருக்கிறதா? வெறும் வகுத்தல் கணக்குதான். 50 எம்எம் லென்ஸில் எஃப்/2 என்றால் 50-ஐ 2-ஆல் வகுக்க வேண்டும்: முன்னாலிருந்து பார்த்தால் 25 மில்லிமீட்டர் திறப்பு. எஃப்/10 என்றால் வெறும் 5.

அப்புறம், லென்ஸில் எழுதியிருக்கும் கேனானின் ஐஎஸ், நிக்கானின் விஆர், சோனியின் ஓஎஸ்எஸ் எல்லாம் ஒரே வேலைக்குத்தான்: கை நடுக்கத்தைச் சமாளிக்க. ஓடுகிற குழந்தை படத்தில் கலங்குவதை அது நிறுத்தாது!

லென்ஸின் முன்னால் மாட்டும் ஃபில்டர் வாங்கப் போகிறீர்களா? வட்டத்தின் குறுக்கே கோடு போட்ட குறிக்குப் பக்கத்து எண்ணைப் பாருங்கள். 58 என்றிருந்தால் 58 எம்எம் ஃபில்டர்.